பேஸ்மேக்கருடன் வாழ்வதும், காது கொடுத்துக் கேட்கும் மருத்துவரைக் கண்டடைவதும்

பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவரின் காதில் மருத்துவமனையில் அதிகமாக விழும் வாக்கியம், "கருவி நன்றாக வேலை செய்கிறது" என்பதுதான். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆயினும் கருவி நன்றாக வேலை செய்கிறதா என்பதும், அதை நெஞ்சில் சுமப்பவர் நலமாக இருக்கிறாரா என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு விடை கணினித் திரையில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை வேண்டுமென்றால் நோயாளியிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் மருத்துவரை எப்படித் தேடுவது, அவரிடம் எதை எப்படிச் சொல்வது, இடைப்பட்ட நாட்களில் கருவியோடு எப்படி வாழ்வது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

எனக்கு 44ஆம் வயதில் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின் சைகை கீழறைக்கு வந்து சேராமல் நடுவழியிலேயே நின்றுபோயிருந்தது. இதை மருத்துவர்கள் 'ஹார்ட் பிளாக்' என்கிறார்கள். இதைத் தமிழில் 'அடைப்பு' என்று சொல்லிவிட்டால், கேட்பவர் எல்லோரும் இரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்துக்கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். என் உறவினர்கள் பலர் எனக்கு ஸ்டென்ட் வைத்ததாகவே நெடுநாள் நம்பியிருந்தார்கள். இரண்டும் வேறு வேறு. இது குழாய்க் கோளாறு அன்று, மின்பாதைக் கோளாறு. பேஸ்மேக்கர் மாரடைப்பைத் தடுக்காது, இரத்த அழுத்தத்தைக் குறைக்காது. துடிப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாமல் காப்பதே அதன் முதன்மையான வேலை. எனவே வேறு காரணங்களுக்காகச் சாப்பிட்டுவந்த மாத்திரைகளை, கருவி வந்துவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது.

கருவி வைத்த பிறகு எனக்கு மயக்கம் வருவது நின்றது. ஆனால் மாடிப்படிகளில் விரைந்து ஏறினால், இரண்டாவது மாடியை நெருங்கும் நேரத்தில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் உடல் தளர்ந்து நின்றுவிடும், கண்கள் இருட்டும், ஒரு நிமிடம் நின்றால் எல்லாம் சரியாகிவிடும். இதை இரண்டு மருத்துவர்களிடம் சொன்னேன். இருவரும் என்னைப் படுக்கவைத்துக் கருவியைச் சோதித்தார்கள். எல்லா எண்களும் சரியாகவே இருந்தன. ஒருவர் மனப்பதற்றம் என்றார். மற்றவர் உடற்பயிற்சி போதவில்லை என்றார். மூன்றாவதாக நான் சந்தித்த மருத்துவர், "எத்தனையாவது படியில் வருகிறது? மெதுவாக ஏறினாலும் வருகிறதா?" என்று கேட்டார். பிறகு டிரெட்மில்லில் நடக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தார். காரணம் சில நிமிடங்களில் தெரிந்தது. கருவி மேலறையின் துடிப்பைப் பின்தொடர்ந்து கீழறையைத் தூண்டக்கூடிய வேகத்தின் மேல்வரம்பு நிமிடத்துக்கு 120 என்று வைக்கப்பட்டிருந்தது. விரைந்து ஏறும்போது என் மேலறை அதைத் தாண்டித் துடித்தது. கருவி முதலில் சில துடிப்புகளைத் தவறவிட்டது, வேகம் இன்னும் கூடியபோது இரண்டில் ஒன்றை மட்டுமே கீழறைக்குக் கடத்தியது. அதாவது, உடலுக்கு அதிக இரத்தம் தேவைப்பட்ட அந்தத் தருணத்திலேயே இதயத்தின் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அவர் அந்த வரம்பை உயர்த்தி, அதனோடு தொடர்புடைய ஒன்றிரண்டு நேர இடைவெளிகளையும் மாற்றினார். கத்தி வைக்கவில்லை, வலியில்லை, மருந்தும் இல்லை. அன்று மாலையே நான் மாடியேறிப் பார்த்தேன்.

முதல் இரு மருத்துவர்களும் திறமையற்றவர்கள் என்று நான் நினைக்கவில்லை. படுத்திருக்கும் ஒருவரிடம் செய்யப்படும் சோதனை, படியேறும்போது வரும் கோளாற்றைக் காட்டாது. அதை நோக்கி முதலில் கைகாட்டுவது நோயாளியின் சொல்தான். பேஸ்மேக்கர் என்பது வைத்ததோடு முடிந்துபோகும் பொருளன்று. வெளியிலிருந்தே, தோலின் மேல் ஒரு கைக்கருவியை வைத்து, பலவிதமாக மாற்றியமைக்கத்தக்கது. தொழிற்சாலையிலிருந்து வந்த அமைப்பிலேயே ஆண்டுக்கணக்கில் விடப்பட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். மாற்ற வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டுமென்றால், அவர் முதலில் உங்களைக் கேட்டிருக்க வேண்டும்.

இந்தக் கருவியின் வரலாறே அப்படித்தான் தொடங்கியது. 1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் உள்ள கரோலின்ஸ்கா மருத்துவமனையில், ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகின் முதல் உட்பொருத்து பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. ஒரு நாளில் பலமுறை நினைவிழந்து கிடந்த கணவரைக் காப்பாற்ற, அவருடைய மனைவி எல்ஸ் மேரி, அறுவை மருத்துவர் ஓகே சென்னிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்குவிஸ்ட்டையும் விடாமல் வற்புறுத்தினார். மனிதருக்கு வைக்கும் அளவுக்குக் கருவி தயாராகவில்லை என்று தயங்கியவர்கள், அவர் சொன்னதைக் கேட்டார்கள். முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. அதன்பின் 20க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, லார்சன் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார்.

முதல் ஆறு வாரங்கள்

கருவி பொதுவாகக் கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே, பெரும்பாலும் இடப்பக்கத்தில், தோலுக்கடியில் வைக்கப்படுகிறது. அதிலிருந்து செல்லும் வயர்கள் சிரை வழியாக இதயத்தினுள் போய் ஊன்றி நிற்கின்றன. வயரின் நுனியைச் சுற்றித் திசு வளர்ந்து அது உறுதியாகப் பிடித்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும் என்பதால்தான், நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம், கனமானவற்றைத் தூக்க வேண்டாம் என்கிறார்கள். ஆனால் பயந்துபோய்க் கையை உடலோடு ஒட்டி அசைக்காமலே வைத்திருப்பதும் தவறு. தோள்மூட்டு இறுகிப்போய், பிறகு மாதக்கணக்கில் வலியோடு பயிற்சி செய்ய நேரிடும். தோளுக்குக் கீழே இயல்பான அசைவுகள் எல்லாம் நல்லவை.

காயத்தை நாள்தோறும் கண்ணாடியில் பாருங்கள். சிவப்பு, சூடு, கூடிக்கொண்டே போகும் வீக்கம், கசிவு, காய்ச்சல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், அக்கம்பக்கத்து மருத்துவரிடம் ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டுக் காத்திராமல், கருவி வைத்த குழுவிடமே காட்டுங்கள். வீங்கியிருக்கிறது என்று ஊசியால் குத்தி நீர் எடுக்க எவரையும் அனுமதிக்காதீர்கள்; கிருமி உள்ளே போக அதுவே வழியாகிவிடக்கூடும். ஆண்டுகள் கழித்தும் தொற்று வரலாம் என்பதால், கருவி இருக்கும் இடத்தின் தோல் மெலிந்து நிறம் மாறினால் அப்போதும் காட்ட வேண்டும்.

விடாத விக்கலோ, வயிற்றின் மேற்பகுதியிலோ மார்பிலோ சீராகத் துடிக்கும் தசை இழுப்போ வந்தால் அதைச் சிறிய தொல்லை என்று ஒதுக்கிவிட வேண்டாம். வயர் இடம் மாறி, உதரவிதானத்தையோ மார்புத் தசையையோ தூண்டிக்கொண்டிருக்கலாம்.

எவற்றிலிருந்து எவ்வளவு தொலைவு

இதைப் பற்றி மிகையான அச்சம் நிலவுகிறது. மைக்ரோவேவ் அடுப்பு, தொலைக்காட்சி, மிக்சி, சலவை இயந்திரம், கணினி ஆகியவை நல்ல நிலையில் இருந்தால் அவற்றை வழக்கம்போலப் பயன்படுத்தலாம். கவனம் தேவைப்படுபவை காந்தமும், வலிமையான மின்காந்தப் புலமும் உள்ளவை. கருவியின் மேல் வலுவான காந்தம் வந்தால், அது இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிப்பதை நிறுத்திவிட்டு, ஒரே சீரான வேகத்தில் தூண்டத் தொடங்கும். காந்தம் விலகியதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கைப்பேசியைக் கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைத்து, எதிர்ப்பக்கக் காதில் பேசுங்கள். சட்டையின் மேல்பையில் வைக்க வேண்டாம். சில புதிய கைப்பேசிகளிலும், காதொலிப்பான்களிலும், அவற்றின் பெட்டிகளிலும் வலுவான காந்தங்கள் இருப்பதால் அவற்றுக்கும் இதே விதி பொருந்தும். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து 60 செ.மீ. விலகி நிற்பது பாதுகாப்பானது. ஓடிக்கொண்டிருக்கும் வாகன எஞ்சினின் மேல் குனிய வேண்டாம். கடைகளின் வாசலில் உள்ள திருட்டுத் தடுப்புக் கம்பங்களின் இடையே இயல்பாக நடந்து செல்லலாம்; அவற்றில் சாய்ந்து நிற்கக் கூடாது. விமான நிலையத்தில் அடையாள அட்டையைக் காட்டி, கையடக்கச் சோதனைக் கருவியை மார்பின் மேல் வைத்திருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். வெல்டிங், பெரிய மோட்டார், மின்மாற்றி ஆகியவற்றோடு தொழில் செய்பவர்கள் பொது விதிகளை நம்பியிராமல், தங்கள் பணியிடத்தை விவரித்து மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

அந்த அடையாள அட்டையில் கருவியின் நிறுவனம், மாதிரி எண், வயர்களின் மாதிரி எண், பொருத்திய நாள் ஆகியவை இருக்கும். அதைப் புகைப்படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் கைப்பேசியிலும் வைத்திருங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அந்த எண்கள் தேவைப்படும். கருவி மட்டும் எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றதாக இருந்தால் போதாது, வயர்களும் ஏற்றவையாக இருக்க வேண்டும். எடுப்பதற்கு முன்பு கருவியை அதற்குரிய நிலைக்கு மாற்றி, முடிந்தவுடன் பழைய நிலைக்குக் கொண்டுவந்து சோதிக்கவும் வேண்டும். எந்த அறுவை சிகிச்சைக்கும், கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும், பிசியோதெரபியில் மின்சாரம் பயன்படும் எந்தச் சிகிச்சைக்கும் முன்பு கருவி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். டயாதெர்மி என்னும் ஆழ்வெப்பச் சிகிச்சை கூடவே கூடாது.

மருத்துவரைத் தேடும்போது

முதலில், யாரைத் தேடுகிறீர்கள் என்பதில் தெளிவு வேண்டும். இதய மருத்துவர்கள் பலர் இரத்தக் குழாய்களைத் திறப்பதில் தேர்ந்தவர்கள். இதயத்தின் மின்பாதையையே தனித் துறையாகப் படித்தவர்கள் எலக்ட்ரோஃபிசியாலஜிஸ்ட் எனப்படுகிறார்கள். ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமான சோதனைக்கு முன்னவர் போதும். கருவி வைத்த பிறகும் தொல்லை தொடர்கிறது, காரணம் தெரியவில்லை என்றால், ஒருமுறையாவது பின்னவரைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, பலருக்குத் தெரியாத ஒரு நடைமுறைச் சிக்கல். பேஸ்மேக்கரை வெளியிலிருந்து படித்து மாற்றியமைக்கும் சாதனத்துக்குப் புரோகிராமர் என்று பெயர். ஒரு நிறுவனத்தின் பேஸ்மேக்கரை அதே நிறுவனத்தின் புரோகிராமரால்தான் படிக்க முடியும். எனவே புதிய மருத்துவரிடம் நேரம் கேட்கும்போதே, உங்கள் கருவியின் நிறுவனப் பெயரைச் சொல்லி, அதற்குரிய புரோகிராமர் அங்கே இருக்கிறதா, அல்லது அந்த நாளில் வரவழைக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் நெடுந்தொலைவு போய், கருவியைச் சோதிக்காமலே திரும்பியவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

பல இடங்களில் சோதனையைச் செய்பவர் ஒரு தொழில்நுட்பர். சில இடங்களில் நிறுவனத்தின் பிரதிநிதி. அவர்கள் பொதுவாகக் கருவியை நன்கு அறிந்தவர்கள். ஆனால் உங்கள் உடல்நிலையைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் மருத்துவர். அறிக்கையில் கையெழுத்துப் போடுவதோடு அவர் நின்றுகொள்கிறாரா, அல்லது அறிக்கையையும் உங்கள் சொல்லையும் அருகருகே வைத்துப் பார்க்கிறாரா என்பது முக்கியம்.

கேட்கும் மருத்துவரை எப்படி அடையாளம் காண்பது? கனிவாகப் பேசுகிறவர் எல்லாம் கேட்கிறவர் அல்லர். முகம் கொடுத்துப் பேசாத சிலர் மிக நுட்பமாகக் கேட்பார்கள். நான் பார்க்கும் அடையாளம் ஒன்றுதான்: நீங்கள் சொன்னதிலிருந்து அவர் அடுத்த கேள்வியை எழுப்புகிறாரா? "படியேறினால் மூச்சு வாங்குகிறது" என்றதற்கு, "சமதளத்தில் நடந்தால்?" என்று கேட்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். எண்கள் சரியாக இருந்தும் தொல்லை இருந்தால், "இதை எப்படிக் கண்டுபிடிக்கலாம்" என்று யோசிப்பவர், ஓர் அமைப்பை மாற்றிவிட்டு "மூன்று வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்பவர், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்பவர் ஆகியோரை விட்டுவிடாதீர்கள். சோதனை எதுவும் செய்யாமலே வயதைக் காரணம் காட்டுபவரையோ, மனப்பதற்றம் என்று முடித்துவிடுபவரையோ சந்தித்தால், ஒரே ஒரு முறை இப்படிக் கேட்டுப்பாருங்கள்: "பதற்றமாக இருக்கலாம், ஐயா. ஆனால் வேறு எதுவும் இல்லை என்று எப்படி உறுதிசெய்துகொள்ளலாம்?" அந்தக் கேள்விக்கு அவர் தரும் பதிலை வைத்து முடிவெடுக்கலாம். மனப்பதற்றமும் பொய்யானதன்று. உடலுக்குள் ஓர் இயந்திரம் இருக்கிறது என்ற எண்ணத்தில் தூக்கம் இழந்தவர்கள் பலர். அவர்களுக்கும் தேவை உதவியே, உதறித்தள்ளுதல் அன்று.

வேறு மருத்துவரிடம் செல்வது முன்னவருக்குச் செய்யும் துரோகம் என்று, குறிப்பாக வயதில் மூத்தவர்கள், வருந்துகிறார்கள். உங்கள் சோதனை அறிக்கைகளின் நகலைக் கேட்பதிலும், இன்னொருவரின் கருத்தைக் கேட்பதிலும் அவமரியாதை எதுவும் இல்லை.

போகும்போது என்ன கொண்டுபோவது, என்ன சொல்வது

மருத்துவரிடம் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அந்த நிமிடங்களை வீணாக்குவது பெரும்பாலும் "ஒரே சோர்வாக இருக்கிறது" என்ற வாக்கியம். சோர்வுக்கு நூறு காரணங்கள் உண்டு. அதற்கு மாறாக, "கருவி வைப்பதற்கு முன் நிற்காமல் இரண்டு மாடி ஏறுவேன், இப்போது 15ஆம் படியில் நிற்கிறேன், உட்கார்ந்திருக்கும்போது எதுவும் இல்லை" என்று சொல்லுங்கள். என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி நின்றது, அப்போது நாடி எவ்வளவு என்பவற்றை நாள், நேரத்தோடு ஒரு தாளில் எழுதி அதையே கொடுத்துவிடுங்கள். நேரம் முக்கியம், கருவி தன் நினைவகத்தில் பல நிகழ்வுகளை நேரத்தோடு பதிந்துவைக்கிறது, உங்கள் குறிப்பும் அதன் பதிவும் ஒத்துப்போனால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

நாடியை மணிக்கட்டில் முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். உங்கள் கருவியின் கீழ்வரம்பு 60 என்றிருந்து, எண்ணிக்கை 50 என்று வந்தால் உடனே கருவி பழுதாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இரவில் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு சிலருக்கு வைக்கப்பட்டிருக்கும். சிலருக்கு இடையிடையே முந்திவரும் துடிப்புகள் மணிக்கட்டை எட்டாததால், விரல்நுனிக் கருவியும் கடிகாரமும் குறைத்துக் காட்டும். ஆனால் குறைவோடு தலைச்சுற்றலும் சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. உட்கார்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, நடந்தால் மட்டும் தளர்ச்சி வருகிறதென்றால், உடல் அசைவுக்கேற்ப வேகத்தைக் கூட்டும் உணரி இயக்கப்பட்டிருக்கிறதா, உங்களுக்கு அது தேவையா என்று கேளுங்கள். பல கருவிகளில் அந்த உணரி மார்பின் அசைவையே கவனிக்கிறது. அதனால் நடக்கும்போது வேகத்தைக் கூட்டும் கருவி, மார்பு அதிகம் அசையாத மிதிவண்டிப் பயணத்தில் போதுமான அளவு கூட்டாமல் போகலாம். கீழறையில் மட்டும் ஒற்றை வயர் உள்ளவருக்குக் கழுத்தில் துடிப்பு, தலைச்சுற்றல், களைப்பு ஆகியவை சேர்ந்து வந்தால், மேலறையும் கீழறையும் ஒன்றோடொன்று இசையாமல் சுருங்குவது காரணமா என்று கேட்கலாம். இதற்குப் பேஸ்மேக்கர் சிண்ட்ரோம் என்று பெயரே உண்டு. கீழறைத் துடிப்புகளில் எத்தனை சதவீதம் கருவியால் தூண்டப்படுகிறது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது அதிகமாக இருக்கும் சிலருக்கு, ஆண்டுகள் செல்லச் செல்ல இதயத்தின் சுருங்கும் திறன் குறையக்கூடும். புதிதாக மூச்சுத் திணறலோ கால் வீக்கமோ வந்தால், எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் சோதனை) எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நியாயமானது; இரு கீழறைகளையும் இணைத்துத் தூண்டுவது போன்ற வேறு வழிகள் இருக்கின்றன. மேலறை ஒழுங்கற்று வேகமாகத் துடித்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளனவா என்ற கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு எதுவும் தெரியாமலே அது நடந்திருக்கலாம், பக்கவாத அபாயத்தோடு அதற்குத் தொடர்பும் உண்டு.

துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் உங்களுக்குப் பதிலாகப் பேச வேண்டியதில்லை. மருத்துவர் சொல்வதை எழுதிக்கொண்டால் போதும். எந்த அமைப்பு, எதிலிருந்து எதற்கு மாற்றப்பட்டது என்று கேட்டு அச்சுப்பிரதியை வாங்கிவிடுங்கள். மாற்றத்துக்குப் பிறகு நலமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொன்ன நாளில் போய்ச் சொல்வது உங்கள் பங்கு. நன்றாகிவிட்டதென்று போகாமல் இருந்துவிட்டால், தம் கணிப்பு சரியா என்பது அந்த மருத்துவருக்குத் தெரியாமலே போய்விடும்.

மயங்கி விழுந்தாலோ, விழப்போவதுபோல் மீண்டும் மீண்டும் வந்தாலோ, நெஞ்சுவலி வந்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ குறிப்பேட்டைத் தேடாமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

பேட்டரி தீரும் காலத்தில்

பேட்டரி பொதுவாக 7 முதல் 12 ஆண்டுகள் வரை உழைக்கும். எவ்வளவு அடிக்கடி தூண்டுகிறது, எவ்வளவு மின்சக்தியில் தூண்டுகிறது என்பவற்றைப் பொறுத்து இது மாறும். அது ஒருநாள் சட்டென்று நின்றுவிடுவதில்லை. மாற்ற வேண்டிய காலம் நெருங்குவதை மாதங்களுக்கு முன்பே கருவி காட்டிவிடும், அதனால்தான் ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை நடக்கும் சோதனையைத் தவறவிடக் கூடாது. வீட்டிலிருந்தே தகவல் அனுப்பும் வசதி உங்கள் கருவிக்கு இருந்தால் கேட்டுப் பெறுங்கள். அது நேரடிச் சந்திப்பைக் குறைக்கும், ஆனால் உங்கள் மூச்சுத் திணறலை அது அறியாது.

மாற்றும்போது பழைய வயர்கள் நன்றாக இருந்தால் அவற்றையே வைத்துக்கொண்டு, பேட்டரி உள்ள பெட்டியை மட்டும் மாற்றுவார்கள். முதல்முறையைவிடச் சிறிய அறுவை என்றாலும், தொற்று ஏற்படும் வாய்ப்பு இதில் அதிகம். ஆகவே தேதி குறிப்பதற்கு முன்பு ஒருமுறை மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். பத்தாண்டுக்கு முன் பொருத்தியபோது இருந்த இதயமும் வாழ்க்கையும் இன்று அப்படியே இருக்கின்றனவா, அதே வகைக் கருவிதான் இன்றும் பொருத்தமானதா, புதிய எக்கோ வேண்டுமா என்று கேளுங்கள். இதுவரை உங்களுக்குப் பொருத்தமாகத் திருத்திவைத்த அமைப்புகளின் அச்சுப்பிரதியை அறுவைக்கு முன்பே கையில் கொடுத்து, புதிய கருவியிலும் அவை அப்படியே பதியப்பட்டனவா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் சரிபார்க்கச் சொல்லுங்கள்.